தொலைவு–காலம் வரைபடத்தில் பிள்ளை தடுமாறினால்: தவறான விடையிலிருந்து காரணத்துக்கு

தொலைவு–காலம் வரைபடம் ஏழாம் வகுப்பிலேயே தலைகாட்டிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு இயக்கம் பாடத்தில் மதிப்பெண்ணைத் தின்னத் தொடங்குகிறது. தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாலையில் டியூஷன் எடுப்பவர்களுக்கும், வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் அக்காக்களுக்கும் இந்தக் குறிப்பு.

பிள்ளை தவறாகச் சொன்னதும் பாடத்தை முதலிலிருந்து மறுபடியும் விளக்குவது நம்மில் பலருடைய வழக்கம். பிள்ளையும் தலையாட்டும்; அடுத்த கணக்கில் அதே தவறு வந்து நிற்கும். தவறான விடை பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான விடையாக இருக்கும். அது எந்தக் கேள்வி என்று பிடித்துவிட்டால் விளக்கம் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆகவே கீழே ஒவ்வொரு தவறுக்கும் முதலில் ஒரு சோதனை, அதன் பிறகே திருத்தம்.

பழகுவதற்கு ஒரே வரைபடத்தை வைத்துக்கொள்வோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே போகும் ஒரு பஸ். முதல் 10 நிமிடத்தில் 3 கி.மீ. போகிறது. அங்கே கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொள்ள 5 நிமிடம் அசையாமல் நிற்கிறது. அடுத்த 10 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடி, 25ஆம் நிமிடத்தில் 8 கி.மீ. தொலைவை எட்டுகிறது. எண்கள் கணக்கு சுலபமாக வரட்டும் என்று நான் வைத்தவை. கிடைமட்ட அச்சில் 1 செ.மீ.க்கு 5 நிமிடம், செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 1 கி.மீ. என்று எடுத்து வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“பஸ் மேடு ஏறுகிறது, மிஸ்”

முதல் பகுதியில் பஸ் என்ன செய்கிறது என்று கேட்டால் வரும் விடை இது. சிலர் “ஏறுகிறது, பிறகு சமதரையில் போகிறது, மறுபடியும் பெரிய மேடு” என்று கதையையே முடித்துவிடுவார்கள். மேம்பாலத்தை விட்டால் மேடே இல்லாத வடசென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படிச் சொல்வதிலிருந்தே தெரிகிறது, அது சாலையை நினைக்கவில்லை. தாளில் உள்ள கோட்டைச் சாலையின் படமாகப் பார்க்கிறது. பாடநூலில் இதற்கு முன் பார்த்தவை எல்லாம் படங்கள்தாமே. பூவின் குறுக்குவெட்டு பூவைப் போல இருந்தது, இதயத்தின் படம் இதயத்தைப் போல இருந்தது. இது மட்டும் பஸ் போன வழியைப் போல இருக்காது என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சோதனைக்கு மெட்ரோ ரயில் கைகொடுக்கும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட தடத்தில் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புதுவண்ணாரப்பேட்டை நிலையங்கள் தூண்களின் மேல் இருக்கின்றன. தண்டையார்பேட்டை நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. “புதுவண்ணாரப்பேட்டையில் ஏறித் தண்டையார்பேட்டைக்கு வருகிறாய். ரயில் மேலிருந்து சுரங்கத்துக்குள் இறங்குகிறது. வேகம் மாறவே இல்லை என்று வைத்துக்கொள். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து கடந்த தொலைவுக்கு வரைபடம் போடு.” கோடு கீழ்நோக்கி வந்தால் நோய் உறுதி. மேல்நோக்கிய நேர்கோடு வந்தால் பிள்ளைக்கு இந்தக் குறை இல்லை. முதல் விடை வெறும் பேச்சுவழக்காக வந்திருக்கும். “ஏறுகிறது” என்பதைக் கோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், பஸ்ஸைப் பற்றி அல்ல.

திருத்தம்: கோட்டை மறைத்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை வரைபடத்தின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். ஒவ்வொரு 5 நிமிடக் கோட்டிலும் நிறுத்தி, “இப்போது மணி என்ன? பஸ் எத்தனை கிலோமீட்டரில்?” என்று மட்டும் கேளுங்கள். 0, 1.5, 3, 3, 5.5, 8 என்று பிள்ளையே எண்களைச் சொல்லிக்கொண்டு வரும். தாள் நகர்வது காலம் நகர்வதாக அதற்குப் படத் தொடங்கும். பத்தாம் நிமிடமும் பதினைந்தாம் நிமிடமும் இரண்டு முறை “மூன்று” என்று தன் வாயாலேயே சொன்ன பிறகு, “அந்த ஐந்து நிமிடம் பஸ் என்ன செய்தது?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துவிடும். “டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது” என்று கன்டெய்னர் லாரியைத் திட்டும் பிள்ளைகளும் உண்டு. அந்தத் திட்டு வந்துவிட்டால் வரைபடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

கிடைக்கோட்டைப் பார்த்து “சீரான வேகம்”

மேலே சொன்ன குறையின் இன்னொரு முகம் போலத் தெரியும். ஆனால் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, கோட்டைச் சமதரையாகப் பார்ப்பது. மற்றொன்று, திசைவேகம் (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்)–காலம் வரைபடத்தை ஏற்கெனவே படித்துவிட்டு அதை இங்கே கொண்டுவந்து பொருத்துவது. அங்கே கிடைக்கோடு என்றால் மாறாத திசைவேகம்தான். பிள்ளை மனப்பாடம் செய்தது சரி, ஒட்டிய இடம்தான் தவறு. வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வரும் பிள்ளைகளிடம் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

பிரித்தறிய, “10ஆம் நிமிடத்தில் பஸ் எங்கே? 14ஆம் நிமிடத்தில் எங்கே?” என்று கேளுங்கள். “மூன்று கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர்” என்று சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொண்டால் அது முதல் வகை. தாள் நகர்த்தும் பயிற்சியே போதும். “மணிக்கு மூன்று கிலோமீட்டர்” என்று வந்தால் இரண்டாவது வகை. அதற்கு, பஸ்ஸின் கோட்டை அப்படியே இரண்டு முறை நகல் எடுத்து, ஒன்றின் செங்குத்து அச்சில் ‘தொலைவு’ என்றும் மற்றதில் ‘திசைவேகம்’ என்றும் எழுதிக் கொடுங்கள். ஒரே கோட்டுக்கு இரண்டு கதை எழுதச் சொல்லுங்கள். முதல் கதையில் நடுவே பஸ் நிற்கிறது. இரண்டாவது கதையில் நடுவே பஸ் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, நிற்கவே இல்லை. அச்சின் பெயரைப் படிக்காமல் கோட்டில் கண் வைக்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியில் பெரிதும் விட்டுப்போகும். ‘கிடைக்கோடு = ஓய்வு’ என்று பெட்டி கட்டி எழுதிப் போடும் வழிகாட்டி நூல்கள்தாம் இந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன; அச்சின் பெயரைச் சேர்க்காத எந்த வாய்ப்பாடும் இங்கே பாதிப் பொய்.

“மேலே இருக்கும் வண்டிதான் வேகம்”

இதுவே வேரூன்றிய குறை. 1987இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், கோட்டின் உயரத்தையும் சாய்வையும் (கோடு எவ்வளவு நிமிர்ந்து ஏறுகிறது என்பதையும்) குழப்பிக்கொள்வது கல்லூரி மாணவர்களிடமே இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை.

இதற்கு ஓர் ஆட்டோவைக் கூட்டிக்கொள்வோம். பஸ் கிளம்பி 5 நிமிடம் கழித்து, அதே இடத்திலிருந்து கிளம்புகிறது. கடைசி வரை மணிக்கு 24 கி.மீ. வேகம். அதாவது நிமிடத்துக்கு 0.4 கி.மீ. அதே தாளில் (5, 0) என்ற புள்ளியிலிருந்து (25, 8) வரை அளவுகோலை வைத்து ஒரே நேர்கோடு போட்டால் ஆட்டோவின் கதை முடிந்தது.

இப்போது 8ஆம் நிமிடத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். பஸ் 2.4 கி.மீ.யில், ஆட்டோ 1.2 கி.மீ.யில். எது வேகமாகப் போகிறது? உயரத்தைப் பார்க்கும் பிள்ளை “பஸ்” என்று சொல்லும். பஸ்ஸின் வேகமோ மணிக்கு 18 கி.மீ. மட்டுமே. பஸ் முன்னால் இருக்கிறது, ஆட்டோ வேகமாக வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது சாலையில் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தாளில்தான் மறந்துபோகிறது. ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்கப் பழக்குங்கள்: “யார் முன்னால்?”, “யார் வேகம்?” முதல் கேள்விக்கு உயரம், இரண்டாவதற்குச் சாய்வு. 20ஆம் நிமிடத்தில் மறுபடியும் கேளுங்கள். இம்முறை ஆட்டோ 6 கி.மீ.யில் முன்னால், பஸ் 5.5 கி.மீ.யில் பின்னால், ஆனால் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் விரட்டுகிறது.

கோடுகள் வெட்டும் இடத்தில் “இரண்டுக்கும் ஒரே வேகம்” என்பதும் இதே குறைதான். நம் தாளில் முதல் வெட்டு 12.5ஆம் நிமிடத்தில், 3 கி.மீ.யில் வருகிறது. அப்போது பஸ் நின்றுகொண்டிருக்கிறது, ஆட்டோ அதைத் தாண்டிப் போகிறது. ஒன்றின் வேகம் சுழி, மற்றதன் வேகம் 24. ஒரே வேகம் என்று சொல்ல வாயே வராது. வெட்டும் புள்ளிக்கு உதாரணம் எடுக்கும்போது ஒரு வண்டி நிற்கும்படி எடுப்பது இதற்காகவே. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை நழுவிவிடும்.

ஆர்வம் உள்ள பிள்ளையாக இருந்தால் ரயில்வே கட்டுப்பாட்டு அறையைப் பற்றிச் சொல்லலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைத் தினமும் கடந்து போகும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ரயில்களின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள் இதே வகை வரைபடத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். ஒரு பக்கம் நேரம், மறு பக்கம் நிலையங்களின் வரிசை. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு சாய்கோடு. போகிற ரயில்களின் கோடு ஒரு பக்கம் சாயும், வருகிற ரயில்களின் கோடு மறுபக்கம் சாயும். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு ரயில்களின் கோடுகள் நிலையத்தில் மட்டுமே வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவழியில் வெட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

வேகம் கேட்டால் ஒரே புள்ளியை வைத்து வகுப்பது

“20ஆம் நிமிடத்தில் பஸ்ஸின் வேகம் என்ன?” என்ற கேள்விக்கு, 5.5ஐ 20ஆல் வகுத்து, 60ஆல் பெருக்கி, மணிக்கு 16.5 கி.மீ. என்று எழுதியிருக்கும். கணக்கில் பிழையே இல்லை. பயணம் தொடங்கியதிலிருந்து 20ஆம் நிமிடம் வரையிலான சராசரி வேகம் அதுதான். கேட்கப்படாத கேள்விக்குச் சரியான விடை.

இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் முதல் பகுதியில் இந்த முறை சரியான விடையையே கொடுத்துவிடும். கோடு தொடக்கப் புள்ளியிலிருந்து நேராகக் கிளம்பும் பகுதியில், புள்ளியை வகுத்தாலும் சாய்வைக் கண்டாலும் ஒன்றே. (10, 3) என்ற புள்ளியில் மணிக்கு 18 கி.மீ. வரும், ஆசிரியர் சரி போட்டுவிடுவார். பயிற்சிக் கணக்குகள் எல்லாம் சுழியிலிருந்தே கிளம்பும் கோடுகளாக இருந்தால் இந்தத் தவறு தேர்வு அறை வரை மறைந்தே இருக்கும். அதனால் சோதனைக்குச் சுழியில் தொடங்காத ஒரு துண்டைக் கொடுங்கள். நம் பஸ்ஸின் கடைசிப் பகுதி போதும்.

திருத்தம் கையால் நடக்கட்டும். கோட்டின் அந்தத் துண்டில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள்: (15, 3), (25, 8). கீழ்ப் புள்ளியிலிருந்து வலப்பக்கமாக ஒரு கிடைக்கோடு, மேல் புள்ளியிலிருந்து கீழாக ஒரு செங்கோடு, முக்கோணம் கிடைத்துவிடும். நிற்கும் பக்கம் 5 கி.மீ., படுத்திருக்கும் பக்கம் 10 நிமிடம். 5ஐ 10ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.5 கி.மீ., மணிக்கு 30 கி.மீ. பக்கங்களின் மேல் எண்ணோடு அலகையும் எழுத வையுங்கள். அலகு எழுதாத முக்கோணத்தை நான் திருத்துவதே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

விடை 60 மடங்கு தவறினால்

நிமிடத்தை மணியாக மாற்றவில்லை. அவ்வளவே. “பஸ்ஸின் வேகம் மணிக்கு 0.5 கிலோமீட்டர்” என்று எழுதிய பிள்ளையிடம், அந்த பஸ்ஸைவிட ஆமை முந்துமா என்று கேட்டுவிட்டு மேலே போய்விடலாம்.

அளவுத்திட்டத்தில் வரும் தவறு சற்று நுட்பமானது. கோணமானியை வைத்துச் சாய்வை அளக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். 45 பாகை என்றால் ஏதோ முக்கியமான வேகம் என்று நினைப்பார்கள். அதே பஸ்ஸைச் செங்குத்து அச்சில் 2 செ.மீ.க்கு 1 கி.மீ. என்று மாற்றி வரையச் சொல்லுங்கள். கோடு முன்னைவிட நிமிர்ந்து நிற்கும், பஸ்ஸின் வேகமோ அதேதான். ஒரே தாளில் உள்ள கோடுகளைக் கண்ணால் ஒப்பிடலாம். வெவ்வேறு தாள்களில் உள்ளவற்றை எண்ணால் மட்டுமே ஒப்பிட வேண்டும். அச்சு சுழியில் தொடங்குகிறதா என்று பார்ப்பதும் இத்துடன் சேர்ந்தது.

“கோடு இறங்குகிறது, வேகம் குறைகிறது”

இங்கே பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. கடந்த தொலைவு ஒருபோதும் குறையாது. நடந்த நடையை யாரும் அழிக்க முடியாது. ஆகவே கண்டிப்பான பொருளில் தொலைவு–காலம் வரைபடத்தில் இறங்குகோடே வரக்கூடாது. ஆனால் பல வினாத்தாள்களில் ‘தொலைவு’ என்று அச்சில் எழுதிவிட்டு, உள்ளே ‘வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில்’ என்ற பொருளில் கோட்டை இறக்கிவிடுகிறார்கள். அச்சில் ‘இருந்து’ என்ற சொல் வெளிப்படையாகவோ மறைவாகவோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

காசிமேட்டிலிருந்து கிளம்பும் ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்வோம். 2 மணி நேரத்தில் 20 கி.மீ. கடலுக்குள் போகிறது. 3 மணி நேரம் அங்கேயே நிற்கிறது. பிறகு இரண்டரை மணி நேரத்தில் துறைமுகம் திரும்புகிறது. இதற்கு இரண்டு வரைபடங்களையும் போடச் சொல்லுங்கள். ‘துறைமுகத்திலிருந்து தொலைவு’ என்ற வரைபடத்தில் கோடு 20 வரை ஏறி, கிடையாகப் போய், மீண்டும் சுழிக்கு இறங்கும். ‘கடந்த மொத்தத் தொலைவு’ என்ற வரைபடத்தில் 20 வரை ஏறி, கிடையாகப் போய், 40 வரை ஏறும். திரும்பும் வேகம் இரண்டிலும் மணிக்கு 8 கி.மீ.தான். முதல் படத்தில் சாய்வு கீழ்நோக்கி இருப்பதால், போன திசையை நேர்க்குறியாகக் கொண்டால் திசைவேகம் −8 என்று எழுதுவோம். வேகம் குறைவது என்பது முற்றிலும் வேறு சங்கதி: அதற்குக் கோடு இறங்க வேண்டாம், சாய்வு தளர்ந்தால் போதும்.

சூட்டிகையான பிள்ளை ஒன்று இங்கே குறுக்கே பாயும்: “படகு நிற்காமல், துறைமுகத்தை நடுவாக வைத்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால்?” அப்போதும் ‘துறைமுகத்திலிருந்து தொலைவு’ 20 என்றே இருக்கும், கோடு கிடையாகவே போகும். பிள்ளை சொல்வது சரி. அந்தப் படத்திலிருந்து படகு நின்றது என்று முடிவு கட்ட, அது நேர்கோட்டில் போய் வருகிறது என்ற உறுதி வேண்டும். மொத்தத் தொலைவின் வரைபடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கிடைக்கோடு என்றால் ஓய்வுதான். இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையை “அதிகப்பிரசங்கி” என்று அடக்கிவிடாதீர்கள்.

செங்குத்தான கோடு, பின்னோக்கி இடப்பக்கம் திரும்பும் கோடு இரண்டையும் வரைந்துவிட்டு வந்தால், “அந்த நொடியில் வண்டி எத்தனை இடத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள்.

வளைகோட்டைப் பார்த்து “வண்டி திரும்புகிறது”

மறுபடியும் படமாகப் பார்க்கும் குறை. தாள் நகர்த்தும் முறையே இங்கும். ஆனால் சம இடைவெளி நேரங்களில் எத்தனை தொலைவு கூடியது என்று வித்தியாசத்தை எழுத வையுங்கள். 1, 3, 5, 7 என்று வித்தியாசம் பெருகினால் வேகம் கூடுகிறது, கோடு போகப் போக நிமிரும். 7, 5, 3, 1 என்று சுருங்கினால் வேகம் குறைகிறது, கோடு போகப் போகப் படுக்கும். இரண்டாவதிலும் கோடு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்ட மறக்க வேண்டாம்.

உண்மையில் எந்த வண்டியின் வரைபடத்திலும் கூர்மையான முனை இராது. நம் பஸ்ஸின் கோடு 10ஆம் நிமிடத்தில் சட்டென்று மடிகிறது. பிரேக் அப்படிப் பிடித்தால் நிற்கும் பயணிகள் ஓட்டுநரின் மேல் போய் விழுவார்கள். ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை வரைந்தால் கிடை, மெல்ல நிமிரும் வளைவு, நேர்கோடு, மெல்லப் படுக்கும் வளைவு, மறுபடியும் கிடை என்று வரும். பாடநூல் சுலபத்துக்காக முனைகளை மடித்துக் கொடுக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

சராசரி வேகத்துக்கு வேகங்களைக் கூட்டி வகுப்பது

18, 0, 30 ஆகிய மூன்றையும் கூட்டி 3ஆல் வகுத்து 16 என்பார்கள். சிலர் நின்ற நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் 24 என்பார்கள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் அளவுகோலால் இணைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டின் சாய்வே விடை: 8 கி.மீ., 25 நிமிடம், மணிக்கு 19.2 கி.மீ. கோட்டின் அடியில் உள்ள பரப்பைக் கண்டுபிடிக்கக் கிளம்பும் பிள்ளைக்கு, கிலோமீட்டரை நிமிடத்தால் பெருக்கினால் கிடைக்கும் அலகு எதை அளக்கும் என்று கேட்டால் போதும். பரப்பு திசைவேகம்–காலம் வரைபடத்தின் சொத்து.

படிக்கத் தெரிகிறது, வரையத் தெரியவில்லை

கொடுத்த வரைபடத்துக்கு எல்லா விடையும் சரி, வெற்றுத் தாளைக் கொடுத்தால் கை ஓடாது. இதற்குப் பயிற்சிக் கணக்கு உதவாது. பிள்ளையே எண்களைச் சேகரிக்க வேண்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டை வரை போய் வரட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ரயில் வந்து நின்ற நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் நொடியோடு குறித்துக்கொள்ளட்டும். தொலைவைக் கைபேசி வரைபடத்தில் தண்டவாளத்தை ஒட்டியே அளந்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து வரையும்போது கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் ஒரே காரியத்தைச் செய்யும்: செங்குத்து அச்சில் நிலையங்களின் பெயர்களைச் சம இடைவெளியில் எழுதிவிடும். நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு சமமாக இல்லை. நெருங்கிய நிலையங்களுக்கு நடுவே ரயில் பறந்தது போலவும், விலகிய நிலையங்களுக்கு நடுவே ஊர்ந்தது போலவும் சாய்வு பொய் சொல்லும். உடனே திருத்த வேண்டாம். முதலில் அந்தப் படத்திலிருந்து ஒவ்வொரு பகுதியின் வேகத்தையும் கேளுங்கள். பிறகு உண்மையான கிலோமீட்டர்களை அச்சில் வைத்து மறுபடியும் வரைந்து, இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.